இரண்டாம் மாடி ஏற்காத டயர்

ஹென்னிங் கெட்டல்சன் ஆயுளின் பெரும்பகுதியை நகரப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் கழித்தவர். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய வலது கால் ஓய்வு பெறவில்லை. சாப்பாட்டு மேசையிலும் சரி, தேவாலயத்தில் பாதிரியார் பேசும்போதும் சரி, அது தரையில் எதையாவது மிதித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருக்கும் அல்முட், அவர் முழங்காலில் கை வைத்து அழுத்துவார். "நிப்பாட்டு. யாரும் இறங்கல."

அல்முட் ப்ரோடர்சன், டென்மார்க் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் சூடர்ஹாஃபன் நகரின் துறைமுகத் தெருவில் பெண்களுக்கான முடிதிருத்தும் கடை நடத்தியவர். விவாகரத்தானவர். ஹென்னிங் மனைவியை இழந்தவர். சில வருடங்களாக இருவரும் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சாப்பிட்டு, கடற்கரை ஓரம் ஒன்றாக நடந்துகொண்டிருந்தார்கள். பனி உருகத் தொடங்கிய ஒரு நாளில், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று ஹென்னிங் கேட்டுவிட்டார்.

அல்முட் கத்தியைக் கீழே வைத்தார்.

"முதல் புருஷனும் சமையலறையிலதான் கேட்டான். நானும் அங்கேயே நின்னு சரின்னேன். அப்புறம் பதினெட்டு வருஷம் அங்கேயேதான் நின்னேன். இந்தத் தடவை இங்க பதில் சொல்ல மாட்டேன். உன் கறுப்புக் காரை வெளியே எடு. டென்மார்க்குல ஸ்காகன் முனைக்குக் கூட்டிட்டுப் போ. ரெண்டு கடலும் மோதுற இடத்துல நின்னு சொல்றேன்."

"என்ன சொல்லுவே?"

"அங்க வந்தாத் தெரியும்."

இதில் அவசரமும் இருந்தது. அல்முட்டின் மகள் நார்வேயில், பெர்கன் நகரில் இருந்தாள். வீட்டின் கீழ்த்தளத்தைக் காலி செய்து வைத்திருக்கிறேன், கோடை முடிவதற்குள் வருகிறாயா இல்லையா சொல், இல்லையென்றால் வாடகைக்கு விட்டுவிடுவேன் என்று வாரா வாரம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தாள். அல்முட் அவளுக்கும் பதில் சொல்லவில்லை.

கறுப்புக் கார் என்பது 1968-ல் வந்த ஹோஹன்ஃபெல்ஸ் செடான். ஒரு கப்பல் நிறுவனத்தின் முதலாளியைச் சுமந்த வண்டி. பின்னிருக்கையில் ஆளுக்கொரு சாம்பல் கிண்ணம், கதவுக்குக் கதவு வால்நட் மரப் பலகை. ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழிகள் குடியிருந்த நிலையில் ஹென்னிங் அதை வாங்கி, குளிர்காலம் தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் கொடுத்திருந்தார். இன்ஜின் இப்போது பூனை தூங்குவது போல ஓடியது. டயர்கள்தான் பாக்கி. அவை பக்கவாட்டில் வறண்ட ஏரி மாதிரி வெடித்திருந்தன.

டயர் கடை மோம்மே பழைய நண்பர். வண்டியைச் சுற்றி வந்து, முட்டி போட்டு, டயரில் இருந்த எழுத்தைப் படித்தார். 7.35-14. இந்த அளவில் இப்போது யாரும் டயர் செய்வதில்லை என்றார். அந்தக் காலத்தில் அகலத்தை அங்குலத்தில் எழுதினார்கள். இன்று மில்லிமீட்டரில் எழுதுகிறார்கள். அதே பதினான்கு அங்குல ரிம்மில் 205/70 போட்டால் உயரம் ஏறக்குறைய அதேதான் வரும், எங்கேயும் உரசாது, மழையில் நிற்கச் சொன்னால் நிற்கும். இரண்டு நாளில் வரவழைத்து மாட்டியும் விட்டார். தெருவின் முனை வரைக்கும் போய்த் திரும்பினார்கள். வண்டி வெண்ணெயில் கத்தி போனது போலப் போனது.

"ஸ்காகன் என்ன, வட துருவத்துக்கே போகலாம். டயர் மாத்தினதுக்கு ஒரு அனுமதி முத்திரை மட்டும் வாங்கிக்கோ" என்றார் மோம்மே.

முத்திரை கொடுக்கும் இடத்தின் பெயர் பழம்பெரும் வாகனத் தகுதி நிலையம். மூன்று தளம். தரைத்தளத்தில் வண்டியைப் பார்ப்பார்கள். முதல் மாடியில் வண்டியின் பத்திரங்களைப் பார்ப்பார்கள். இரண்டாம் மாடியில் இருப்பவர்கள் வண்டியையும் பார்ப்பதில்லை, பத்திரத்தையும் பார்ப்பதில்லை. அவர்கள் கொள்கையைப் பார்ப்பார்கள்.

தரைத்தளப் பரிசோதகர் நல்ல மனிதர். பிரேக்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், டயரைத் தட்டிப் பார்த்து அருமை என்றார். பிறகு பதிவுப் பத்திரத்தில் வேறு அளவு இருப்பதைக் கவனித்தார். அவர் முகம், வீட்டு வாசலில் வரி அதிகாரியைப் பார்த்தவர் முகம் போல ஆனது. இரண்டாம் மாடிக்குப் போங்கள் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, வேறு வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டார்.

இரண்டாம் மாடியில் நீளமான நடைபாதையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கதவுகள் இருந்தன. இடதுபுறம் அளவுச் சமநிலைப் பிரிவு. அதன் தலைவர் டாக்டர் வெண்டலின் க்ரோட். வலதுபுறம் வரலாற்று நேர்மைப் பிரிவு. அதன் தலைவி ஆடெல்ஹைட் பாப்ஸ்ட். இரண்டு கதவுக்கும் இடையே நான்கு எட்டுகூட இல்லை. ஆனால் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் கேக் வெட்டும் வரிசை குறித்து ஏற்பட்ட கருத்து வேறுபாட்டுக்குப் பிறகு அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. பேசவேண்டியதை, வந்த மனுதாரர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள்.

டாக்டர் க்ரோட் ஹென்னிங்கை அன்போடு உட்காரவைத்தார். புதிய டயர் பழைய டயருக்குச் சமம் என்று நிரூபித்தால் போதும், உடனே ஒப்புதல் என்றார். எப்படி நிரூபிப்பது என்று ஹென்னிங் கேட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் என்றார் டாக்டர். அதற்குப் பழைய அளவில், பயன்படுத்தாத டயர் ஒன்று வேண்டும்.

"அதை இப்ப யாரும் செய்யறதில்லையே சார். அதனாலதானே இதை மாட்டினேன்."

"அது உங்க தரப்பு நியாயம். நல்ல நியாயம். ஆனா இங்க நாங்க நியாயத்தை அளக்கிறதில்ல" என்றார் டாக்டர் க்ரோட்.

வண்டியைச் செய்த நிறுவனத்தின் வாக்குமூலம் இருந்தாலும் பரவாயில்லை என்று அவர் ஒரு வழி காட்டினார். ஹோஹன்ஃபெல்ஸ் நிறுவனம் மூடிப் பல காலமாகிவிட்டது. அதன் உரிமைகள் கைமாறிக் கைமாறி, குளிர்பதனப் பெட்டி செய்யும் ஒரு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்திருந்தன. ஹென்னிங் அங்கே தொலைபேசியில் கூப்பிட்டு, பாதி நாள் இசை கேட்டுக் காத்திருந்த பிறகு, ஒரு பெண்மணி பேசினார். 205/70 அளவு குறித்துத் தங்களுக்கு எந்த மறுப்பும் இல்லை, கதவு முழுதாக மூடினால் சரி என்றார். மூடுகிறது என்றார் ஹென்னிங். அப்படியானால் நாலு டிகிரியில் வையுங்கள் என்றார் அந்தப் பெண்மணி.

ஹென்னிங் இதை இரண்டாம் மாடியில் போய்ச் சொன்னார். டாக்டர் க்ரோட் சிரிக்கவில்லை. கோடையில் அந்த வெப்பநிலையை எப்படிப் பராமரிப்பீர்கள் என்று கேட்டார்.

இந்தச் சமயத்தில் மோம்மேவுக்கு யாரோ தகவல் சொன்னார்கள். டென்மார்க்கில், யூட்லாந்துப் பக்கம் ஒரு பண்ணையில், எண்ணெய்த் துணியில் சுற்றிய 7.35-14 டயர் ஒன்று, ஒருநாள்கூட ரோட்டைப் பார்க்காதது, கிடக்கிறதாம். மோம்மே தன் வேனில் போய் அதை எடுத்து வந்தார். ஹென்னிங் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டாம் மாடி ஏறினார். லிஃப்டில் டயர் ஏற்றக்கூடாது என்று எழுதியிருந்தது.

டாக்டர் க்ரோட் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, இது பழைய டயர், பத்து வருடத்துக்கு மேல் ஆன ரப்பர் எதற்கும் அளவுகோலாக முடியாது என்று நிராகரித்தார். ஹென்னிங் அதை அப்படியே எதிர்க் கதவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். திருமதி பாப்ஸ்ட் கண்ணாடியைக் கழற்றி, ரப்பரை முகர்ந்து பார்த்தார். இவ்வளவு புதிதாக இருக்கிறதே, 1968-ஐச் சேர்ந்த எதுவும் இவ்வளவு நன்றாக இருந்து நான் பார்த்ததில்லை, இது போலி என்று சொன்னார்.

ஒரே டயர், ஒரே காலையில், நான்கு எட்டு தூரத்துக்குள், மிகப் பழையது என்றும் மிகப் புதியது என்றும் ஆகிவிட்டது. ஹென்னிங் அதைக் கட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

வசந்தம் போய்க் கோடை வந்தது. ஹென்னிங்கிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. முதலில் அதைக் கவனித்தது அல்முட்தான். ஒரு மதியம், குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்டார்.

"கொள்கையளவில் ஆட்சேபணை இல்லை" என்றார் ஹென்னிங்.

அல்முட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டார். எந்த அளவுகோலில் கேட்கிறாய் என்று ஹென்னிங் திருப்பிக் கேட்டார். அல்முட் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டி, நனைந்த கையை அவர் முகத்தில் துடைத்தார். ஹென்னிங் அதற்கும் சிரிக்கவில்லை. மறுநாள் உருளல் சோதனை இருந்தது.

உருளல் சோதனை டாக்டர் க்ரோட்டின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒப்பிடப் பழைய டயர் இல்லாவிட்டாலும், புதிய சக்கரம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று நிலையத்தின் முற்றத்திலேயே அளந்து, பழைய கையேட்டில் இருக்கும் எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். ஆனால் அனுமதி இல்லாத டயரோடு வண்டியை ஓட்டக்கூடாது. எனவே தள்ளவேண்டும். நிலையத்தின் ஊழியர்கள் மனுதாரரின் சொத்தைத் தொடக்கூடாது. எனவே மனுதாரர்தான் தள்ளவேண்டும்.

மோம்மே வண்டியைத் தன் இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போனார். அல்முட் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஹென்னிங் பின்னாலிருந்து தள்ளினார். டாக்டர் க்ரோட் கையில் சாக்குக்கட்டியோடு பக்கத்தில் நடந்தபடி, சாலைப் பாதுகாப்பு என்பது தனிமனிதரின் தோளில் இருக்கும் பொறுப்பு என்று பேசிக்கொண்டே வந்தார். ஒன்றே முக்கால் டன் எடையுள்ள அந்தப் பொறுப்பை ஹென்னிங் தோளால்தான் நகர்த்திக்கொண்டிருந்தார். முதுகில் எங்கோ சுளீர் என்றது.

பத்துச் சுற்று முடிந்ததும் சாக்குக்கட்டிக் கோடு போட்டார்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு விரற்கடை குறைவாக வந்தது. வித்தியாசம் ஒன்றுமில்லை, ஸ்பீடோமீட்டர் முள் ஒரு மயிரிழை கூடக் காட்டும், அது சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று டாக்டர் க்ரோட் ஒப்புக்கொண்டார். ஹென்னிங்குக்கு மூச்சு வந்தது. அப்போது இரண்டாம் மாடி ஜன்னல் திறந்தது.

"அந்த மனுஷர்கிட்டே சொல்லுங்க" என்றார் திருமதி பாப்ஸ்ட், ஹென்னிங்கைப் பார்த்து. "ஒரு சுத்துக்கு ரெண்டு விரற்கடை குறைஞ்சா, 1968-ல டென்மார்க் போறதுக்குச் சக்கரம் எத்தனை தடவை சுத்திச்சோ, அதைவிட இப்ப ஜாஸ்தி சுத்தும். அதிகப்படியா சுத்துற அந்தச் சுத்தெல்லாம் எந்த வருஷத்தைச் சேர்ந்தது? அதை முதல்ல சொல்லச் சொல்லுங்க."

ஹென்னிங் திரும்பி டாக்டரிடம் சொன்னார். டாக்டர், இது விசாரணைக் குழுவுக்குப் போகவேண்டிய கேள்வி என்றார். அதுவரை வண்டி அளக்கப்பட்ட இடத்திலேயே, அளக்கப்பட்ட நிலையிலேயே நிற்கவேண்டும்; யாரும் நகர்த்தக்கூடாது என்று ஆணையிட்டார். சக்கரத்தில் ஒரு சிவப்பு நாடா கட்டப்பட்டது. வண்டி நின்றிருந்த இடம், குறுக்காக, இரண்டு பிரிவுத் தலைவர்களின் கார் நிறுத்துமிடங்களுக்கு முன்னால். விசாரணை முடியும்வரை தனித்தனி டாக்சியில் போய்க்கொள்ளலாம் என்று அன்றைக்கு இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் காலை அல்முட் ஒரு முதுகுப்பையோடு ஹென்னிங் வீட்டு வாசலுக்கு வந்தார். ரயிலில் ஸ்காகன் போவதாகச் சொன்னார். நாளை மறுநாள் பெர்கனுக்குப் பதில் சொல்லியாகவேண்டும். கடலைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லப்போகிறேன் என்றார்.

நாளைக்குத் தீர்ப்பு வந்துவிடும், வந்ததும் காரிலேயே போகலாம் என்று ஹென்னிங் கெஞ்சினார். இதுவரை பொறுத்தது வீணாகக்கூடாது, நமக்குச் சாதகமாகத்தான் காற்றடிக்கிறது, டாக்டர் க்ரோட் மயிரிழை என்ற சொல்லைப் பயன்படுத்தினார், அது சின்ன விஷயமில்லை என்றெல்லாம் அடுக்கினார்.

அல்முட் பொறுமையாகக் கேட்டார்.

"ஹென்னிங், உனக்குக் கார் வேணுமா, முத்திரை வேணுமா, நான் வேணுமா? இதுல எதை எந்த மாடியில கேக்கணும்னு உனக்கே இப்பத் தெரியல. நான் கிளம்பறேன்."

ஹென்னிங் நியாயமாகப் பின்னால் ஓடியிருக்கவேண்டும். ஓடவில்லை. வாசலில் நின்றுகொண்டு, விசாரணைக்கு எந்த டை கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதை நினைத்து அவர் பின்னால் பல தடவை கூனிக்குறுகியிருக்கிறார்.

விசாரணை, நடைபாதையிலேயே நடந்தது. ஒருவர் அறைக்கு மற்றவர் வரமாட்டார். இருவரும் தத்தம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் ஹென்னிங் நின்றார்.

முதலில் டாக்டர் க்ரோட் பேசினார்.

"இந்த வண்டி நல்லா ஓடுதான்னு நாங்க கேக்கறதில்லை. அதை யார் வேணும்னாலும் கேக்கலாம், தெருவுல போறவன் கேக்கலாம். நல்லா ஓடறதுக்கு இதுக்குத் தகுதி இருக்கான்னு கேக்கறதுக்குத்தான் ஒரு நிலையம் வேணும். இருபத்தாறு வருஷமா நான் இந்த நாற்காலியில இருக்கேன். இதுவரைக்கும் நான் ஒப்புதல் குடுத்த வண்டி எதுவும் விபத்துக்குள்ளானதில்லை. ஏன்னா நான் இன்னும் எதுக்கும் ஒப்புதல் குடுக்கல."

அவர் கண்ணில் ஈரம் இருந்தது.

அடுத்து திருமதி பாப்ஸ்ட் எழுந்து நின்றார்.

"மனுதாரர் சொல்றார், புது டயர் போட்டா மழையில சீக்கிரம் நிக்கும்னு. அதுதான் எனக்குக் கவலை. 1968-ல இந்த வண்டி மழையில சீக்கிரம் நிக்கல. வழுக்கிக்கிட்டுப் போச்சு. மரத்துல மோதிச்சு. அது நம்ம பண்பாட்டோட ஒரு பகுதி. இன்னிக்கு அதே மரத்துக்கு முன்னாடி இந்த வண்டி பத்திரமா நின்னுடுச்சுன்னா, நம்ம பிள்ளைங்க வரலாற்றைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

 பிறகு ஹென்னிங் வழியாக இருவரும் சிறிது நேரம் ஆலோசித்தார்கள். டாக்டர் சொன்னதை ஹென்னிங் வலப்பக்கம் சொன்னார்; திருமதி பாப்ஸ்ட் சொன்னதை இடப்பக்கம் சொன்னார். போகப்போக யார் எதைச் சொன்னார்கள் என்பதே அவருக்குக் குழம்பியது. ஒரு தடவை, இருவருமே சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டார். அதை இருவரும் ஏற்றுக்கொண்டார்கள்.

அதுவே தீர்ப்பாயிற்று. முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் புதிய டயர். பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் வெடித்துப்போன அந்தப் பழைய டயர். முன்பாதி பாதுகாப்பு, பின்பாதி வரலாறு.

ஹென்னிங் பதினெட்டு டன் பேருந்தையே ஐஸ் கட்டிய சாலையில் ஓட்டிக் காட்டியவர். முன்னால் பிடித்துக்கொண்டு பின்னால் விட்டுவிட்டால் வண்டி பம்பரமாகிவிடும் என்பது அவர் உடம்புக்கே தெரியும்.

"அப்படி மாட்டினா ஆபத்து சார்" என்றார்.

"ஆபத்துங்கிறது தரைத்தளத்து விஷயம்" என்றார் டாக்டர் க்ரோட். அதைத் திருமதி பாப்ஸ்ட்டும் தலையசைத்து ஆமோதித்தார். அந்தக் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

ஹென்னிங் தன் வலது காலைப் பார்த்தார். அது காற்றில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக அது சொல்லிக்கொண்டிருந்ததைத் தான் காதில் வாங்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது. கோட்டுப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து, நடைபாதைத் தரையில், இரண்டு நாற்காலிக்கும் சரியாக நடுவில் வைத்தார். யார் பக்கம் என்று சொல்லமுடியாத இடம். பிறகு படியிறங்கினார். பின்னாலிருந்து, மனுதாரர் போகலாம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை என்று ஒரு குரல் கேட்டது.

நகரப் பேருந்தில் ஏறினார். ஓட்டிக்கொண்டிருந்த பெண் அவரிடம் வேலை கற்றவள். மொய்ன் என்று வணக்கம் சொல்லி, டிக்கெட் வேண்டாம் என்றாள். ரயில் பிடித்தார், எல்லை தாண்டினார், இன்னொரு ரயில் மாறினார். ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நின்றபோது எழுந்து கதவுவரை போய்த் திரும்பி வந்தார். எதிரில் இருந்த டேனிஷ் கிழவர் தன் மீன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டி, சாப்பிட்டாலாவது உட்காருவாயா பார்ப்போம் என்பது போல ஜாடை காட்டினார். ராத்திரி ஆல்போர்க் நகரில் ஒரு மலிவான விடுதியில் புரண்டு படுத்துவிட்டு, விடிந்ததும் மறுபடி கிளம்பினார்.

ஸ்காகன் முனையில் காற்று ஆளைத் தள்ளியது. மணல் நாக்கு போல நீண்டு, அதன் நுனியில் இரண்டு பக்கத்து அலைகளும் ஒன்றையொன்று பார்த்து வந்து முட்டி நுரைத்தன. சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவே அல்முட், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, தண்ணீரில் நின்றிருந்தார். ஹென்னிங் காலணியைக்கூடக் கழற்றாமல் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றார்.

"எப்படி வந்தே?"

"பஸ், ரயில். அப்புறம் நடந்தேன்."

"கார்?"

"அவங்க முற்றத்துல."

 அப்போது ஹென்னிங்கின் கைபேசி அடித்தது. டாக்டர் க்ரோட். குரல் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. உருளல் சோதனை நாள் முதல் தன் காரும் திருமதி பாப்ஸ்ட்டின் காரும் வெளியே வரமுடியாமல் சிறைப்பட்டுக் கிடப்பதாகச் சொன்னார். ஹோஹன்ஃபெல்ஸை நகர்த்தலாம் என்றால், நகர்த்தக்கூடாது என்று தானே போட்ட ஆணை இருக்கிறதாம். அதை ரத்து செய்ய மனுதாரர் நேரில் வரவேண்டுமாம். நேற்று கிடைத்த ஒரே டாக்சியில் திருமதி பாப்ஸ்ட்டும் தானும் சேர்ந்து வீடு போகவேண்டியதாகிவிட்டது என்பதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

"எந்த அளவு டயரா இருந்தாலும் பரவாயில்ல சார். நாலும் நாலு அளவா இருந்தாக்கூட. முத்திரை மேசை மேல ரெடியா இருக்கு. இன்னிக்கே வந்து எடுத்துட்டுப் போங்க."

மாதக்கணக்காகக் கேட்க ஏங்கிய சொற்கள். ஹென்னிங்கின் கால் தண்ணீருக்குள் மணலை மிதிக்கத் தொடங்கியது. அல்முட் அவரைப் பார்க்கவில்லை, கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் சுருட்டிய கால்சட்டையின் விளிம்பை இறுகப் பிடித்திருப்பதை ஹென்னிங் கண்டார்.

"இன்னிக்கு முடியாது டாக்டர். எனக்கு இங்க ஒரு பதில் வரவேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு, கைபேசியை அணைத்தார்.

அல்முட்டின் கை கால்சட்டை விளிம்பை விட்டது.

"ஏப்ரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை, பச்சை கவுன் போட்டுக்கிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா?" என்றார் அல்முட். "கடலாவது மண்ணாவது, இங்கேயே சொல்லிடலாம்னுதான் வந்தேன். நீ கதவைத் திறந்ததும் டயரோட உயரம் அகலத்துல எழுபது சதவீதம்னு ஆரம்பிச்சே. காபி ஆறிப்போச்சு. நான் எழுந்து போனதுகூட உனக்குத் தெரியல."

ஹென்னிங்குக்கு அந்தப் பச்சை கவுன் நினைவில் இல்லை. அது இல்லை என்பதுதான் அவரை நெஞ்சில் அடித்தது.

"இப்ப?" என்றார்.

அல்முட் ஏதோ சொன்னார். காற்று அதை அள்ளிக்கொண்டு போயிற்று. கேட்கவில்லை என்று ஹென்னிங் காதைக் காட்டினார். அல்முட் அவர் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்து, சுற்றி நின்ற வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, "சரின்னேன், செவிடா" என்று கத்தினார்.

அதே சமயம் இரண்டு பக்கத்திலிருந்தும் அலை வந்து முட்டியது. ஹென்னிங் நிலைதவறி, இடுப்பளவு நுரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அல்முட் கை கொடுத்தார். ஹென்னிங் எழுந்திருக்கவில்லை. எங்கேயும் போகவேண்டிய அவசரம் இல்லாதவர் போல, கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தார்.